ரிலீவர்

பினாயில் வாசனையையும் மீறிப் பிரசவ அறையில் இன்னொரு வாசனை கிளம்பியபோது, இசக்கிபாண்டி மூக்கைப் பொத்தவில்லை. மூச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். அதில் பெரிய நாகரிகம் இருப்பதாக அவனுக்கு நினைப்பு. மேசையில் மல்லாந்து, காலைத் தூக்கிவைத்துக் கிடந்த சுகப்பிரியா, அத்தனை வலியிலும் அதைப் பார்த்துவிட்டாள்.

அவனுக்கு அருவருப்பு இல்லாத பொருள் உலகத்தில் குறைவு. சாம்பாரில் முடி, ஷேர் ஆட்டோவில் தொடையோடு ஒட்டும் அடுத்தவன் வேர்வை, எதைக் கண்டாலும் வயிறு புரளும். கக்கூஸுக்கு ஊதுபத்தியோடு போகிற ஒரே ஆபரேட்டர் என்று ஒரகடத்தில் அவன் கம்பெனி முழுக்கப் பெயர். கல்யாணமான புதிதில், அவள் கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தால், மூக்கைப் பிடித்தபடி செத்து விழுவதுபோல நடிப்பான். அவளும் சிரிப்பாள். சிரித்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

“இன்னாம்மா, தொண்டையில முக்கினுகீற? கீழ முக்கு!” நர்ஸ் சசிரேகா தொடையைத் தட்டினாள். “தலை வந்து வந்து உள்ள பூடுது. கொழந்தைக்கு நாடி எறங்குது. இப்டியே இருந்தா டாக்டரம்மா தலையில வாக்குவம் கப்பு மாட்டி இழுத்துடுவாங்க.”

சுகப்பிரியா முகம் கறுக்க முக்கினாள். ஆனால் இடுப்புக்குக் கீழே எல்லாம் பூட்டிக் கிடந்தது. கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருந்தன. அந்த விரல்களை இசக்கிபாண்டிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இருவருக்கும் கம்பெனியில் ஒரே அசெம்பிளி லைனில் வேலை. ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்காமல் யாரும் கக்கூஸ் போக முடியாது. ரிலீவர் வராத நாட்களில் அவள் செருப்புக்குள் இப்படித்தான் விரல்களைச் சுருட்டி நிற்பாள்.

குனிந்தான். “எதுக்குட்டி அடக்குத?”

“நீங்க வெளிய போங்க.” கண்ணை மூடிக்கொண்டாள். “முக்குனா எல்லாம் வந்துரும். நீங்க மூச்சப் புடிக்கீய, பாத்தேன்.”

அந்த அறையில் இருந்த நாற்றத்தைவிட, செத்து விழுவதுபோல நடித்த தன் பழைய வேடிக்கைதான் அதிகம் நாறுவதாக அவனுக்குப் பட்டது.

“மல்லாந்து முடியலக்கா,” என்றாள் சுகப்பிரியா, சசிரேகாவிடம். “குத்த வச்சிக்கிடட்டா?”

சசிரேகா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “கீழ விரிச்சித் தரேன், குந்து. ண்ணா, பின்னால ஒக்காந்து அக்குள்ல கை குடுத்துத் தாங்கிக்கோ. வாந்தி கீந்தி எடுத்த, வெளிய தள்ளிடுவேன்.”

சுகப்பிரியா தரையில் குந்தினாள்; அவள் கனம் முழுக்க அவன் நெஞ்சில் சாய்ந்தது. வலி ஏறியது. விரல்கள் மறுபடி சுருண்டன. அவள் காதில் சொன்னான்:

“ரிலீவர் வந்தாச்சுட்டி. லைன நான் பாத்துக்கிடுதேன். நீ போ.”

சிரிப்பா அழுகையா தெரியாத ஒரு சத்தம் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. கூடவே எல்லாமும் வந்தது. அவன் பாதத்தில் சூடாக வழிந்தது. குடல் தொண்டை வரைக்கும் ஏறி வந்து, நெடுநேரம் நின்று யோசித்தது. அவளுக்குக் கேட்கிற மாதிரி, மூக்கு விடைக்க, மூச்சை ஆழமாக இழுத்தான்.

“தலை நிக்குது! உள்ள போவல! விடாத!” என்று கத்தினாள் சசிரேகா.

சுகப்பிரியாவின் தோளுக்கு மேலாக அவனுக்குத் தெரிந்தது தரை மட்டும்தான். அந்த அசிங்கத்தின் நடுவே, அவள் கால்விரல்கள் பத்தும் விரிந்திருந்தன.