சேலா

மத்திகிரியில் எங்கள் சபை கூடுவது ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். அந்த ஞாயிறு பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். ஷிப்ட் ரிப்போர்ட்டைத் தாண்டி நாலு பேர் முன்னால் எதையும் வாசித்ததில்லை. என் மனைவி பூவம்மாள் முன்வரிசையில் உட்காரப்போவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு எழுத்தைக்கூட விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் பயம்.

சனிக்கிழமை ஒத்திகை. அறுபத்தாறாம் சங்கீதம். எல்லாரையும் கெம்பீரமாகப் பாடச் சொல்லித்தான் அது தொடங்குகிறது. நான் வாயைத் திறந்ததும் பாடகர் குழுத் தலைவன் விமல்ராஜ் காதைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணா, மெதுவா! யூடியூப்ல லைவ் போவுது, மைக் கிழிஞ்சிரும்."

"கெம்பீரமான்னு போட்டிருக்குதே தம்பி."

"கெம்பீரத்த நாங்க பாத்துக்கறோம்ணா. கீபோர்டு இருக்குது, டிரம் இருக்குது. நீங்க சும்மா வாசிங்க."

கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் மிஷினுக்கு மேல் கத்திப் பேசிய தொண்டை. அடக்கி வாசித்தேன். நாலாம் வசனத்தின் கடைசியில் "சேலா" என்றேன்.

"அதப் படிக்கக் கூடாதுணா."

"எழுதியிருக்குதே?"

"எழுதியிருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க. லைவ் பாக்கறவங்க ஏதோ சேலை வியாபாரம்னு நெனைப்பாங்க."

"அப்ப எதுக்குத் தம்பி எழுதுனாங்க?"

விமல்ராஜ் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். "அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தணும்னு சில பேர் சொல்றாங்க, கரியப்பா."

"நாம நிறுத்தறோங்களாய்யா?"

"நமக்கு எங்கப்பா நேரம்?"

ஞாயிறு. கீபோர்டு முனக, டிரம் தட்ட, வாசித்தேன். நாலாம் வசனம் முடிந்தது. அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, விடவும் மனசில்லை. நிறுத்துவதற்கு எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

டிரம் வாசித்த முனிசாமி என்னோடு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன். அங்கே ஒருவன் கை தூக்கினால் யாருடைய விரலோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினான்.

கீபோர்டு, மைக், மின்விசிறி, லைவ் எல்லாம் நின்றன. சபையில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். பழக்கதோஷத்தில் எழுந்து, பத்து விரலும் பத்திரம் என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்கள். பாஸ்டர் எத்தனை வருஷம் கெஞ்சியும் துதிக்கக் கை தூக்காதவர்கள்.

"ஆண்டவர் எறங்கிட்டாரு!" என்று பாஸ்டர் அழுதார்.

"கரண்டுதாங்க எறங்குச்சு!" என்று கத்தினான் விமல்ராஜ்.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் குழந்தைகூடச் சிணுங்கவில்லை. மைக் கிழியும் கவலை இனி இல்லை. மீதிச் சங்கீதத்தை என் முழுத் தொண்டையில் வாசித்தேன், இன்னும் இரண்டு சேலாவையும் சேர்த்து. பூவம்மாள் நான் வாசித்த ஒவ்வொரு எழுத்தையும் கூடவே முணுமுணுத்து, கடைசியில் என்னைவிடச் சத்தமாக "ஆமென்" போட்டாள்.

அடுத்த வார நிகழ்ச்சி நிரலை வாசலிலேயே எழுத்துக்கூட்டினேன். "சேலா: ஒரு நிமிடம். மெல்லிய கீபோர்டு இசையுடன். கை உயர்த்துபவர்: விமல்ராஜ்."

மெயின் ஸ்விட்ச் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது.