திங்கட்கிழமை எழுதிய கடிதம்

செயலகத்தில் அவனுக்கு 'அழுமூஞ்சி' என்று பட்டப்பேர். ஆள் என்னவோ சிரித்த முகந்தான். பார்த்த வேலை அப்படி. சிறையில் யார் செத்தாலும் நாட்டை ஆளும் பெரியவர் கையெழுத்தோடு வீட்டுக்கு ஓர் இரங்கல் கடிதம் போகும். எழுதுவது இந்தக் குமாஸ்தா. பெரியவரே உட்கார்ந்து அழுதுகொண்டு எழுதியதாகத்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

பெயர்ச் சீட்டு மட்டும் சாவுக்கு முதல் நாளே அவன் மேஜைக்கு வந்துவிடும். செத்த பிறகு எழுதினால் தாமதமாகிவிடுமாம்! இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? ஆறு வருஷமாக அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

அந்தத் திங்கட்கிழமை வந்த சீட்டில் அக்கா புருஷனின் பெயர். பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பில் பெரியவரைக் கேலி பேசிச் சிறையில் மாட்டிக்கொண்டவர். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளை வரை மாமா உயிரோடு இருப்பார். பெரியவரிடம் ஒரு வார்த்தை கெஞ்சினால் போதும். எழுந்து உள்ளே போனான்.

"வாய்யா! சின்னவளுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்றார் பெரியவர். "என் டாக்டரை அனுப்புறேன். நீ எனக்குத் தம்பி மாதிரிய்யா. வேற என்ன வேணும், சொல்லு."

கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன குளிர்ச்சியில் வந்த காரியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லீங்கய்யா."

வெளியே வந்து அழுதுகொண்டே எழுதினான். அவன் எழுதியதிலேயே அதுதான் நல்ல கடிதம்.

புதன்கிழமை அக்கா அதை அவனிடம் நீட்டினாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"சிரிக்கும்போது உங்க மாமா ஒத்தைக் கண்ணை மூடிக்குவாருன்னு இதுல இருக்குடா. பெரியவர் அவரைப் பாத்ததே இல்லையே. நீயா எழுதின?"

"ஆமாக்கா."

"செத்த சேதியும் கடிதமும் ஒரே ஆள் கையில ஒண்ணாத்தானே வந்துச்சு. எப்போடா எழுதின?"

எத்தனையோ வீடுகளுக்குப் பொய் எழுதிய கை அது. அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை.

"திங்கக்கிழமை மத்தியானம்."

அக்கா கடிதத்தை மடித்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் நான் ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோய்க் குடுத்தேனேடா," என்றாள். "நல்லாச் சாப்பிட்டாரு. 'அழாதடி, உன் தம்பி அங்கதானே இருக்கான், எனக்கு ஒண்ணும் ஆக விடமாட்டான்'னு சொன்னாருடா."