கிரின்ஸ்டெட்டில் ஒரு தளபதியை நீக்கினோம்

1.
நான் எழுதாமல் விட்ட ஒரு வரியிலிருந்து பிறந்த கதை இது. அப்போது நான் கிரின்ஸ்டெட் தமிழ்ச் சங்கச் செயலாளர். கூட்டக் குறிப்பேடு என் கையில் இருந்தது.

2.
'வன்னி மண் குருதியில் தோய்ந்த அந்த…'

(வேண்டாம். நான் அங்கே இருக்கவில்லை. 2009 ஏப்ரலில், போர் முடிய ஒரு மாதம் இருக்கையில், நாங்கள் ஒன்பது பேர் டென்மார்க்கில், இந்த ஊர்ப் பள்ளிக்கூட மண்டபமொன்றில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.)

3.
தலைவர் இரத்தினசிங்கம் சீஸ் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுபவர். அன்று சுவரில் தொங்கிய வன்னி வரைபடத்தின் முன் நின்று முழங்கினார்:

"இந்தத் தளபதியாலதான் எல்லா ஊரும் போனது. ஆளை மாத்தச் சொல்லி இயக்கத்துக்குக் கடிதம் போடுவம்."

கைகள் உயர்ந்தன. மனோரஞ்சிதம் மட்டும் உயர்த்தவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்தார்.

"தம்பி, அந்தக் கடிதத்தில ஒரு வரி சேரும். என்ர பெறாமகள், தங்கச்சியின்ர பிள்ளை மிதுஷாவை அந்தத் தளபதியின்ர ஆக்கள்தான் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. பதினேழு வயசு. புதுசா வாற ஆளாவது பிள்ளையளை விடட்டும்."

"அக்கா, அது இராணுவ விசயம். சிவிலியன்கள் தலையிடக்கூடாது" என்றார் தலைவர்.

"அப்ப நீர் ஆர், கேணலோ? சீஸ் பெட்டிக்கு லேபிள் ஒட்டுற ஆள்தானே!"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "எவென்டுவெல்டில கதையுங்கோ" என்றார்.

(அடிக்குறிப்பு மாதிரி: டெனிஷ் சங்கக் கூட்டங்களின் கடைசி அங்கம் அது. அதில் எதையும் பேசலாம், எதையும் தீர்மானிக்க முடியாது. இந்த நாட்டிடமிருந்து நாங்கள் பிழையில்லாமல் கற்றது அது ஒன்றைத்தான்.)

4.
இங்கே மனோரஞ்சிதத்தை அழவைக்கப் பார்த்தேன். அழ மறுக்கிறார். கடைசி அங்கத்தில், ஆட்கள் கதிரை மடிக்கும் சத்தத்துக்குள் பிள்ளையின் பெயர், பிடித்துப்போன திகதி, இடம் எல்லாம் நிதானமாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எழுதினனீரோ?"

"ஓம் அக்கா."

எழுதவில்லை. தீர்மானமில்லாததை எதற்கு எழுதுவது?

5.
முடிவு, முதல் வரைவு: தளபதி நீக்கப்பட்டார். (மண்டபத்தில் கை தட்டினார்கள். போர்முனையில் யாருக்கும் கேட்கவில்லை.)

இரண்டாவது: குறிப்பேட்டின்படி நாங்கள் ஏகமனதாக நீக்கிய தளபதி ஆறு நாள் முன்பே இறந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் அவரை ஒப்பற்ற வீரர் என்றோம். அதுவும் ஏகமனதாக.

மூன்றாவது: மிதுஷா

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.)

6.
நேற்று மனோரஞ்சிதம் தொலைபேசியில் வந்தார். காணாமற்போனோரை விசாரிப்பவர்கள், பிள்ளை பிடிபட்டதற்கு அந்தக் காலத்து எழுத்து ஏதும் உண்டா என்று கேட்கிறார்களாம்.

"நல்லகாலம், தம்பி, நீர் அண்டைக்கே எழுதி வைச்சனீர். நாளைக்குப் பத்து மணிக்கு வாறன்."

குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் இருக்கிறது. இன்று நிரப்பினால் பொய்ச்சாட்சி. நிரப்பாவிட்டால், உண்மையாகவே நடந்த ஒன்றுக்குச் சாட்சியே இல்லை. வாசகரே, பேனா மேசையில் இருக்கிறது. மணி பத்தாகப் போகிறது.

கதவை நீங்கள் திறவுங்கள்.