வக்கீல் வீட்டுப் பின்கட்டு

தங்கமுத்து கடப்பாரையோடு உள்ளே நுழைந்தபோது, காளியாயி அப்போதுதான் உலையில் அரிசி போட்டிருந்தாள்.

"பானைய நீயே எறக்கிரு. எங் கையில பட்டுச் சுட்டுக்கும்" என்றான். அவள் இறக்கி வைத்தாள். அவன் அடுப்பைப் பெயர்த்தான்.

"எந் தம்பி செத்து மூணு மாசமாச்சு. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குத் தனி அடுப்பு? எங்க வீட்டுல மிஞ்சுனதத் தின்னுட்டு வயல்ல சோலியப் பாரு."

அடுப்பு தனியென்றால் பங்கும் தனி என்பது அந்த மேல்மலை ஊரின் வழக்கம். புருஷன் போனவளின் அடுப்பைப் பிடுங்கிவிட்டால், அவன் பங்கும் அண்ணன் தம்பிகளுக்குத் திரும்பிவிடும். வழக்கத்தை உண்டாக்கியவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள்தான்.

காளியாயி அழுதுகொண்டிருக்கவில்லை. புருஷன் பேரிலிருந்த பூண்டு வயல் பட்டாவை மடியில் கட்டினாள். காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றி விற்றாள். ஒரு மூட்டைப் பூண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பாலசமுத்திரம் வழியாகப் பழனிக்கு இறங்கி, வக்கீல் ஞானவேல் பிள்ளையின் வீட்டைக் கேட்டு வந்து சேர்ந்தாள்.

பிள்ளை பட்டாவைப் பார்த்தார். வயல் அவளுக்குத்தான், சந்தேகமே வேண்டாம், முன்சீப்பு என்ன தீர்ப்பு எழுதுவார் என்று தனக்கு இப்போதே தெரியும் என்றார். பட்டாவை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஃபீஸ் எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன, பாத்துக்கலாம்" என்றார்.

அன்றைக்கு வக்காலத்துக்கு என்று இருபது ரூபாய் ஆயிற்று. அடுத்த முறை ஸ்டாம்புக்கு என்று பதினைந்து. அதற்கடுத்த முறை அந்த ஸ்டாம்பு போதவில்லை என்று இருபது. ஒவ்வொரு தடவையும் பூண்டு தனி. பணம் முன்வாசல் வழியாகப் போகலாம். பூண்டு பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வரவேண்டும்.

அங்கே அதை வாங்கி வைப்பவள் பிச்சையம்மாள், வக்கீலின் தங்கை. சின்ன வயதிலேயே தாலி அறுத்து, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டு அடுப்படிக்கு வந்தவள். வீடு முழுவதற்கும் பூண்டு உரிப்பவள் அவள். விதவைக்குப் பூண்டு ஆகாது என்று அவள் மட்டும் தின்னக்கூடாது. "எனக்கு வாசனை பாத்தியதை மட்டுந்தான் காளியாயி" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள்.

நாலாம் தடவை காளியாயி வந்தபோது விதைப்பூண்டு ஊன்றப் பத்து நாள்தான் இருந்தது. தங்கமுத்து ஊன்றிவிட்டால் வயல் அவன் கைக்குப் போய்விடும். பிள்ளை அவசரம் புரிந்தவராக ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு ரெவினியூ ஸ்டாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ரேகையை வைத்துவிட்டுப் போ, மேலே எழுத வேண்டியதைக் குமாஸ்தா எழுதிக்கொள்வார் என்றார். பூண்டைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் பின்கட்டுக்குப் போனாள்.

பிச்சையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எழுதாத தாள்ல ரேகை வைக்காதே. நாளைக்கு அதுல முந்நூறு ரூவா கடன்னு எழுதலாம்."

"ஐயா நல்லவர்தானுங்களே?"

"நல்லவர்தான். நான் அவர் தங்கச்சி, சொல்றேன். பிராது கோர்ட்டுல ஏறியிருந்தா அதுக்கு நம்பர் உண்டு, அதக் கேளு. மொத்த ஃபீஸ் என்னன்னு கேளு. குடுத்ததுக்கு ரசீது கேளு. தனியா இருக்கறப்பக் கேட்டா ஒண்ணும் நடக்காது. கூட்டத்துல கேளு."

கூட்டம் இருந்தது. முன்கட்டுப் பெஞ்சில் ஏழெட்டுக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காளியாயி எல்லோருக்கும் நடுவே போய் நின்றாள்.

"ஐயா, எங் கேசுக்கு என்னங்க நம்பரு?"

பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"கொடைக்கானல்ல தொரைமாரு நாய்க்குக்கூடக் கழுத்துல நம்பரு கெடக்குங்க. எங் கேசுக்கு இல்லீங்களா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இல்லாத ஒரு கேஸ் கட்டைக் குமாஸ்தா தேடத் தொடங்கினார்.

"சரிங்க, மொத்த ஃபீசாவது எவ்வளவுன்னு சொல்லிருங்க."

"நமக்குள்ள என்ன காளியாயி..."

"நமக்குள்ள ஒண்ணுமில்லீங்களே ஐயா. அதனாலதான் கேக்குறேன். குடுத்த அம்பத்தஞ்சுக்கு ரசீதும் வேணுங்க."

பெஞ்சின் கோடியில் இருந்த கடைவீதி ஜவுளி வியாபாரி இப்ராம்சா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, நானும் ரெண்டு வருஷமா ரசீது வாங்கல. அந்தம்மாவுக்கு எழுதறப்ப எனக்கும் சேத்து எழுதிருங்க."

அதற்குப் பிறகு பெஞ்சே கிரீச்சிட்டது. அவரவர் தாங்கள் கொடுத்ததை நினைவுபடுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். முதலில் இந்த மலைக்காரியை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டால் போதும் என்றாகிவிட்டது பிள்ளைக்கு. பட்டாவையும் நாற்பது ரூபாயையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். மீதிப் பதினைந்து, ஆலோசனை சொன்னதற்கு என்றார். அப்படியானால் ஆலோசனைக்கு ரசீது கொடுங்கள் என்றாள். கொடுத்தார்.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"ரெண்டு நாள் நடந்து வர்றேனுங்க. யோசிக்க வழிநெடுக நேரங் கெடக்கு."

வெளியே வரும்போது இப்ராம்சா அவளிடம், அடிவாரத்தில் ஒரு சின்ன வக்கீல் இருக்கிறார், ஃபீஸை முதலில் தாளில் எழுதிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கேஸையே தொடுவார் என்று சொன்னார். காளியாயி காலிச் சாக்கை எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினாள்.

"வெரசாப் போனா இன்னைக்கே பிராதக் குடுத்துரலாம்மா" என்று மூச்சு வாங்கியவள், சற்று நின்றாள். "அடுப்படிக்குள்ளயே இருக்கீங்க. கோர்ட்டுச் சங்கதியெல்லாம் எப்படித் தெரியும்?"

பிச்சையம்மாள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கும் ஒரு கேஸ் இருந்துச்சு. புருஷன் வீட்டுக்காரங்க மாசம் பத்து ரூவா ஜீவனாம்சம் குடுக்கணும்னு அண்ணன்தான் வாதாடி ஜெயிச்சார். பதினோரு வருஷமா மாசந் தவறாம வருது. அவரே வாங்கிக்கறார்."

"எதுக்குங்க?"

"ஃபீசுக்கு."

காளியாயிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "மொத்தம் எவ்வளவுன்னு நீங்க கேக்கலீங்களா?"

"கூடப் பொறந்தவராச்சே, எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

முன்கட்டிலிருந்து குரல் வந்தது: "பிச்சை, மோர் கொண்டா."

பிச்சையம்மாள் மடியிலிருந்த தோலை உதறினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினோரு வருஷமாக அவள் பகலில் தெருவைப் பார்த்ததில்லை. பின்வாசலைத் தாண்டியதும் வெயிலுக்குக் கண் கூசியது.

"அந்த அடிவாரத்து வக்கீல்கிட்ட நானும் வர்றேன், நட" என்றாள்.

உள்ளே இரண்டாம் தரமும் குரல் வந்தது. மூன்றாம் தரத்துக்குப் பிறகு ஞானவேல் பிள்ளையே எழுந்து அடுப்படிக்குள் வந்தார். மோர் எந்தப் பானையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை.