மூன்று வேளைக்கு ஒரு செட்

நீல மூடி போட்ட அந்த டப்பாவை நர்சம்மா முந்தின நாளே கொடுத்துவிட்டார். காலையில் ஆஸ்பத்திரிக் கழிப்பறையிலேயே அதில் எடுத்து, ஏழரை மணிக்குள் ஆய்வுக்கூடத்து ஜன்னலில் சேர்க்க வேண்டும். நான் ஏழு மணிக்கே துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜன்னலில் இருந்த ஆள் மேலே ஒட்டியிருந்ததை உரக்கப் படித்தார். "பூங்குழலி. டோனர். ஜோதிக்கு." வராந்தாவில் இருந்த எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

ஜோதி என் அக்கா. ஒன்றரை வருடமாக அவளுக்குப் பெருங்குடலில் புண். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, சில நாள் இருபது தடவை, ரத்தமாகப் போகும். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தாறு ஆகிவிட்டாள். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் மட்டும் உப்பியிருக்கும். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்படும்.

வேலூர் பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். பெருங்குடலை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்டுவது ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்றை முயன்று பார்க்கலாம். நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வாங்கி, கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக அக்காவின் குடலுக்குள் விடுவது.

"அதுல கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கும்மா. உங்க பொண்ணு குடல்ல அதெல்லாம் அழிஞ்சுபோச்சு. திரும்ப நாத்து நடற மாதிரின்னு வெச்சுக்கோங்க," என்றார். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டவங்க இருக்காங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் புருஷன் அன்பரசன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா ஒருத்திதான் சிரித்தாள்.

"சின்னதுல என் பங்கு தோசையெல்லாம் புடுங்கித் தின்ன இல்ல, குழலி? இப்ப திருப்பிக் குடு."

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மாமா, "எனக்குக் கொமட்டுது, என்ன வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மிச்சம் நான்தான்.

ஏழு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். மலத்தையும் சோதித்தார்கள். வசந்த் என்ற சின்ன டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீர்கள், கட்டியாகவா, தண்ணீராகவா. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பத்தாவதோடு நின்றுவிட்டவள் நான். படித்த காலத்திலும் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

"கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதெல்லாம் டாக்டர் சீட்டு எழுதி, அட்டையோடு வாங்குகிற மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். நான் டாக்டரிடம் போகவே இல்லையே.

டப்பாவைக் கொடுத்துவிட்டு வார்டுக்கு வந்தேன். அக்கா முந்தின நாளிலிருந்து சோறு தின்னவில்லை. குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடித்து, ஓடி ஓடி, துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தாள். ஒன்பது மணிக்கு உள்ளே கூட்டிப்போவார்கள் என்று அம்மா சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் பூவம்மாள் என்று சோளிங்கர்க்காரம்மா இருந்தார். நர்சம்மா அவர் கையில் ஒரு மாத்திரையைப் போட்டார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள்.

எனக்கு அந்த மாத்திரையைத் தெரியும்.

"சிஸ்டர், அது இன்னா மாத்திர?"

"ஆன்டிபயாடிக்மா. ஏன் கேக்கற?"

"சும்மா."

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் நான் வேலை செய்கிறேன். ஒருத்தி வராவிட்டால் லைனே நின்றுபோகும். அதனால் காய்ச்சல் என்று யாரும் டாக்டரிடம் போய் உட்காருவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் போய், "தொண்ட வலி, மூணு வேளைக்கு செட் குடுங்க" என்போம். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரித்து ஒரு வெள்ளை, ஒரு சின்ன மஞ்சள், ஒரு சிவப்பு மஞ்சள் என்று காகித உறையில் போட்டுத் தருவார். பேர் ஒன்றும் எழுதியிருக்காது. நாங்களும் கேட்டதில்லை. நான் கடைசியாகச் செட் வாங்கி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அந்தத் தடவை முதல் நாள் வாங்கியதில் சரியாகவில்லை என்று மறுநாளும் வாங்கினேன். அதற்கு மறுநாள் வாங்கியதுதான் கடைசி.

மணி எட்டு. அந்த டப்பாவை இப்போது கரைத்துக்கொண்டிருப்பார்கள். சொன்னால் அக்காவை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்புவார்கள், பிறகு வெட்டத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் அந்தச் சின்ன டாக்டர் ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டுவிட்டு, தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மற்ற கேள்விகளுக்கு அப்படிப் பார்க்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்து, "இன்னாடி, பேய் அடிச்ச மாதிரி நிக்கற," என்றாள். நான் வராந்தாவில் நடந்தேன். நடந்தது ஓட்டமாகிவிட்டது.

ஜன்னல் சாத்தியிருந்தது. தட்டினேன். முகமூடி போட்ட ஆள் திறந்தார்.

"இன்னாமா?"

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் ஜன்னலைச் சாத்தப்போனார். நான் கையை உள்ளே விட்டுவிட்டேன். பலகை விரலில் இடித்தது.

"செட்டு," என்றேன். "செட்டு தின்னுட்டேன். சேப்பு மஞ்ச மாத்திர. டாக்டர் கைல பொய் சொல்ட்டேன். ஊத்தாதீங்க. எங்க அக்காவுக்கு ஊத்தாதீங்க."

டாக்டர் வசந்த் வந்தார். எத்தனை வேளை, எத்தனை நாளுக்கு முன்னால் என்று மட்டும் கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"அந்த மருந்துல உங்க வயித்து நல்ல கிருமியும் செத்திருக்கும். மருந்துக்கு அடங்காத கெட்டது தங்கியிருந்தா, எதிர்ப்பு சக்தி இல்லாத உங்க அக்காவுக்குப் போய்ச் சேரும். இன்னிக்கி வேணாம்," என்றார்.

வார்டில் அவரே சொன்னார். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்லடி. இத்தினி வருசமா பேசாதவ, இன்னிக்கிதான் பேசணுமா?" அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது. கஞ்சியாவது குடுங்க," என்றாள். என் பேரைச் சொல்லவில்லை.

அதுவரை வாசலில் நின்றிருந்த மாமா உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. "நான் குடுக்கறேன் சார். என்னோடத எடுத்துக்கோங்க," என்றார்.

டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிட்டேன். "மாமா, நீங்க எப்ப செட் சாப்ட்டீங்க?"

அவர் யோசித்தார். முகம் தொங்கிப்போனது. "போன வாரம். பல்லு வலின்னு."

என் லைனில் இருக்கிற ஒவ்வொருத்தியையும் நினைத்துப் பார்த்தேன். சைரா, ரங்கம்மாள், சூப்பர்வைசர் வரைக்கும். மூன்று மாதம் செட் தின்னாதவர் என்று ஒருவர் முகமும் வரவில்லை.

தொண்ணூறு நாள் கழியட்டும், திரும்பச் சோதித்துப் பார்த்து என்னையே எடுக்கலாம் என்றார் பெரிய டாக்டர். எனக்கு இன்னும் அறுபத்து நான்கு நாள். அதுவரை அக்காவுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுப்பார்கள். நடுவில் ரத்தம் அதிகமானால் காத்திருக்க முடியாது, வெட்டிவிட வேண்டும்.

நான் வெளியே தின்பதை நிறுத்தினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்துப்போனேன். லைனில் யாராவது தும்மினால் தள்ளி உட்கார்ந்தேன். என் வயிறு எனக்குச் சொந்தமில்லாத பொருள் போலவும், அதைக் கீழே போட்டு உடைத்துவிடுவேன் போலவும் இருந்தது.

நாற்பத்தோராம் நாள் காலையில் எச்சில் விழுங்கும்போது தொண்டையில் முள் குத்தியது. பத்து மணிக்கு உடம்பு சுட்டது. பக்கத்து மிஷின் சைரா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே ஓடிப்போய் ஒரு காகித உறையோடு வந்தாள்.

"போட்டுக்கோ. ஜாஸ்தி ஆனா நாலு நாள் படுத்துக்குவ."

உறையை விரலால் தடவினேன். நீளமான அந்த மாத்திரை தட்டுப்பட்டது. அப்போது அக்கா போன் செய்தாள்.

"இன்னிக்கி பன்னெண்டு தடவதான்டி. நேத்து பதினாலு. உன் கொரல் இன்னா கம்மிப்போச்சு?"

மறைக்கத் தோன்றவில்லை. "தொண்ட வலிக்குதுக்கா. காய்ச்சலும் அடிக்குது."

"மாத்திர போட்டுக்கடி," என்றாள் அக்கா. "நீயே போய்ச் சேந்துட்டா என் தோசைய நான் யாரு கைல கேக்கறது?"

சிரிக்கப் பார்த்தாள். முடிவதற்குள், "இரு, வர்றேன்," என்று போனை வைத்துவிட்டாள். எங்கே ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

உறையைச் சைராவின் மிஷின் மேல் திருப்பி வைத்தேன். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். காய்ச்சல் ஏறுகிறதா என்று அடிக்கடி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தைத்தேன். இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.