பன்னிரண்டு சதவீதச் சூடு

…இரண்டு தடவை துடைத்தாயிற்று, இது மூன்றாவது, அதே மாடிப்படியைத்தான் அந்தத் துப்புரவு அக்கா காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறார், நானும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன், கையில் தெர்மாமீட்டர், அறைக்கு அறை அளந்து எழுதும் வேலை, வெளியே உறையும் குளிர், உள்ளே எல்லா அறையிலும் இருபத்தொரு டிகிரி, இம்மி பிசகவில்லை. "பாத்தீங்களா சார், உங்க ஹீட் பம்ப் வந்ததுல இருந்து எங்க அக்காவுக்கும் சுறுசுறுப்பு வந்துருச்சு" என்று கட்டட மேலாளர் சிரிக்கிறார், நானும் பல்லைக் காட்டிவைத்தேன், வேறென்ன செய்ய?

சுறுசுறுப்பாம். போன வருடம் இந்த அலுவலகக் கட்டடத்தைச் சூடாக்க, பாய்லருக்குப் பதிலாக எந்த ஹீட் பம்ப் சரிப்படும் என்று பார்க்க வந்தபோது கீழ்த்தளத்தில் பழைய பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது, பக்கத்துச் சின்ன அறை வழியாக அதன் தடித்த குழாய், குழாய்மேல் இந்த அக்காவின் காலுறைகள் காய்ந்தன, ஒரு நாற்காலி, ஆறாமல் இருக்கட்டும் என்று குழாயோடு ஒட்டிவைத்த சாப்பாட்டு டப்பா… "உக்காருங்க தம்பி, இந்தக் கட்டடத்துலயே கதகதன்னு இருக்கறது இந்த இடந்தான்." உட்கார்ந்தேனே! உட்கார்ந்து, அவர் கண்ணெதிரிலேயே, குழாய் வழியாக வீணாகும் வெப்பம் பன்னிரண்டு சதவீதம் என்று எழுதினேன். வரைபடத்தில் அது சாமான் அறை, சாமானுக்கு எதற்குச் சூடு? அதையும் சேர்த்தால் அடுத்த அளவு பெரிய இயந்திரம் கேட்கும், சின்னதே போதும் என்று கூட்டத்தில் நான் ஏற்கெனவே மார்தட்டியாயிற்று… ஆள் உட்காரும் அறை என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை. பாய்லரோடு குழாயும் போய்விட்டது.

"கீழ எப்படிக்கா இருக்கு?" கேட்டேவிட்டேன். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார், "பழகிக்கலாம் தம்பி, ஏதாவது செஞ்சுகிட்டே இருந்தா குளிர் தெரியாது." நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை, இன்னும் தம்பி என்கிறாரே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேலாளர் பேனாவை நீட்டுகிறார், எல்லா அறையும் பார்த்தாச்சா, கையெழுத்துப் போட்டுடலாமா? ஒரு அறை பாக்கி என்று சொல்ல வாயெடுத்து, பேனாவை வாங்கிக்கொள்கிறேன். காலையிலிருந்து மூன்று மாடியும் ஏறி இறங்கினேன், கழிப்பறையைக்கூட அளந்தேன், கீழ்த்தளத்துக்கு மட்டும் கால் போகவில்லையே, மறந்துவிட்டதாக நினைத்தேன்… மறக்கவில்லை. அங்கே எவ்வளவு இருக்கும் என்று அளக்காமலே எனக்குத் தெரியும், அந்த வரியை எழுதாமல் விட்ட அன்றே தெரியும். பேனா கையில் இருக்கிறது, அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி முதல் படிக்குப் போகிறார்.