செலெரினா குடிவந்த வீடு

தொலைக்காட்சித் தொடர் முடிந்த மறுநாளே, அதில் பேயாக வந்துகொண்டிருந்த செலெரினா, மாலியாவ் என்ற கடலோர ஊருக்கு வந்து சிந்தாவின் வீட்டில் குடியேறினாள். எந்தக் காலத்திலும் உயிரோடு இருந்தவள் இல்லை என்பதால் பெட்டி, படுக்கை என்று எதுவும் கொண்டுவரவில்லை. கடைசிக் காட்சியில் உடுத்தியிருந்த வெள்ளைக் கவுனும், மணிலாவில் யாரோ முகத்தில் அப்பிவிட்ட பவுடரும்தான் அவளோடு வந்தவை. அவள் வந்ததில் ஊருக்கு வியப்பொன்றும் இல்லை. இத்தனை வீடு இருக்க அங்கே போனாளே என்று கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான்.

'செலெரினாவின் வீடு' பதினோரு வருடம் ஓடியது. பிரசவத்தில் செத்துப்போன தாய் சாயங்காலம் தோறும் தன் அடுப்படிக்குத் திரும்பி வந்து, வளரும் மகனைப் பார்த்து "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று கேட்பாள். கதை என்று பார்த்தால் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்காக மாலியாவின் படகுகள் வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வந்தன, பாதிரியார் மாலைப் பூசையை முன்கூட்டியே முடித்தார், பிரசவ வலி கண்டவர்கள்கூட அந்த அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். கடைசி நாளன்று அந்த மகன் கதவோரம் நின்று, "போதும்மா, இனிமே வராதே. நிம்மதியா போ" என்றான். செலெரினா ஒளிக்குள் நடந்து போனாள். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான். ஊரிலேயே பெரிய டிவி வைத்திருக்கும் பெட்டிக்கடை பாசிலிசா, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் மூஞ்சியில் வீசினாள். பிறகு திரைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று முந்தானைத் துண்டால் துடைத்துப் பார்த்துவிட்டு, அதே துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். அன்று சேவல் சண்டையில் ஜெயித்தவனும் அழுதான், தோற்றவனும் அழுதான். ஊர் அழுத அழுகையில் கிணறுகள் உப்புக் கரித்தன. அந்த வாரம் யாரும் சமையலுக்கு உப்பு வாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் கூடைப்பந்து மைதானத்தில் செலெரினாவுக்குத் துக்கம் காத்தார்கள். பத்திரிகையில் வந்த அவள் படத்தைச் சட்டம் போட்டு, மல்லிகை மாலை சார்த்தி, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிஸ்கட்டும் இஞ்சித் தண்ணீரும் கொடுத்தார்கள். துக்க வீட்டுச் சீட்டாட்டமும் முறைப்படி நடந்தது. துக்க வீட்டிலிருந்து யாரும் நேராகத் தங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார். வழியில் எங்காவது நுழைந்து உதறிவிட்டுத்தான் போக வேண்டும். மாலியாவில் அதற்கென்று நிகனோரின் ரொட்டிக்கடை இருக்கிறது. நாடகத்துக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தவர்களும் அன்று ரொட்டிக்கடையில் ஒரு பன்னாவது வாங்கிக்கொண்டுதான் வீடு போனார்கள். சிந்தா மட்டும் போகவில்லை. தெரிந்தேதான் போகவில்லை.

சிந்தாவின் ஒரே மகன் ரொதெல் மூன்று வருடம் முன்பு கடலுக்குப் போனான். புயலுக்குப் பிறகு படகு சாயாமல் பக்கத்தில் தாங்கும் மூங்கில் கை ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. ஊரார் துக்கம் காக்கலாம் என்று வந்தபோது, "உடம்பைக் கொண்டாந்து காட்டுங்க, அப்புறம் அழறேன்" என்று விரட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டு, ஆறியதும் தானே சாப்பிட்டு வந்தாள். மைதானத்தில் மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. செத்தவர்களில் யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வந்தால் போதும், கடலுக்குள்ளே என் பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்டுவிடலாம். அதனால் ரொட்டிக்கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேராக நடந்தாள். வீட்டுப் படியேறித் திரும்பியபோது பின்னால் செலெரினா நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய தொந்தரவு என்று சொல்ல முடியாது. சாயங்காலம் அரைமணி நேரம்தான் தென்படுவாள். அதிலும் விளம்பர இடைவேளை வந்தால் மறைந்துவிட்டு, முடிந்ததும் விட்ட இடத்தில் வந்து நிற்பாள். பதினோரு வருடத்தில் அவள் வாயில் வந்த வசனங்களைத் தவிர வேறு பேச்சு அவளுக்குத் தெரியாது. சிந்தாவைப் பார்த்ததும் "சாப்பிட்டியாடா கண்ணு?" என்றாள். "நான் உன் மகன் இல்லம்மா. என் மகனைத்தான் தேடிட்டிருக்கேன். ரொதெல்னு பேரு, முன்பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்கும். அந்தப் பக்கம் பார்த்தியா?" என்று சிந்தா கேட்டாள். செலெரினா மழையைப் பற்றி ஏதோ சொன்னாள், மாமியாரைத் திட்டினாள். சிந்தா விடாமல் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருநாள், எந்த வருடத்து வசனமோ, செலெரினா சொன்னாள்: "எங்களுக்குத் துக்கம் காத்தாதான் வீட்டுக்கு வழி தெரியும். காக்காதவங்க பாவம், நின்ன இடத்துலயே நிப்பாங்க."

சிந்தா அன்று சோறு வைக்கவில்லை. துக்கம் காத்தால் அவன் செத்தவன். காக்காவிட்டால் எங்கோ தண்ணீருக்குள் வழி தெரியாமல் நிற்கிறவன். மூன்று வருடம் பிடித்துவைத்திருந்த உயிரைத் தன் கையாலேயே விட வேண்டும். விட்டாள். அந்த வெள்ளிக்கிழமை வீட்டு நடுவில் மேசை போட்டு, ரொதெலின் நீலச் சட்டையை மடித்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஊர் முழுக்க வந்தது. முதல்முறையாக வாய்விட்டு, "என் பிள்ளை செத்துட்டானே" என்று அழுதாள். கிளம்பும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "மறந்துடாம ரொட்டிக்கடைக்குள்ள போயிட்டுப் போங்க. என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, அவன் இங்கயே இருக்கட்டும்" என்று கெஞ்சினாள். நிகனோரும் அதற்காகவே கடையைத் திறந்து வைத்திருந்தார்.

எல்லோரும் ரொட்டிக்கடைக்குப் போனார்கள், பாசிலிசாவைத் தவிர. ஊர் ஊராக மக்கள் அழுது கடிதம் போட்டதால் டிவிக்காரர்கள் அன்று கடைசிப் பகுதியை மறுபடி போட்டார்கள். ஜெபம் முடிய நேரமாகிவிட்டது. இந்தத் தடவையாவது அந்தப் பையன் கதவைச் சாத்தாமல் இருப்பானோ என்ற நப்பாசையில் பாசிலிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகத் தன் வீட்டுக்கு ஓடினாள். டிவியைப் போட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, பக்கத்துப் பெஞ்சியில் ரொதெல் உட்கார்ந்திருந்தான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பையன் இந்தத் தடவையும் கதவைச் சாத்தினான்.

செய்தி கேட்டுச் சிந்தா சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். உடைந்த முன்பல், நெற்றித் தழும்பு, எல்லாம் அவனேதான். "ரொதெல்" என்று கூப்பிட்டாள். அவன் மரியாதையாக எழுந்து நின்று, "கடைக்காரம்மா உள்ள இருக்காங்க. என்ன வேணும்னு சொல்லுங்க" என்றான். செத்தவர்களுக்குத் தாங்கள் போய்ச் சேர்ந்த வீடுதான் வீடு, அதற்கு முந்தியது எதுவும் நினைவில் தங்குவதில்லை. அது அன்றுதான் மாலியாவுக்குத் தெரிந்தது. பாசிலிசா தலையில் அடித்துக்கொண்டாள். "போடா தம்பி, பக்கத்துத் தெருதான்டா, உன்னைப் பெத்தவடா" என்று அவனைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அவன் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். பாதிரியாரைக் கேட்டார்கள். ஒருவருக்கு இரண்டு தடவை துக்கம் காக்க முடியாது என்று சொல்லி, அவரும் அழுதார்.

அதன் பிறகு வருடங்கள் போயின. பாசிலிசாவின் கடையில் தரை ஈரமாகவே இருக்கும், சாக்கு விரித்திருப்பாள். சிந்தா சாயங்காலம் தோறும் சோறும் கருவாடும் கொண்டுபோவாள். அவன் வாங்கி, "நன்றிம்மா, அக்காகிட்ட சொல்லிடறேன்" என்பான். முதல் இரண்டு வருடம் தன் பெயரை, அவன் பிறந்த நாளை, காய்ச்சலில் கிடந்ததை எல்லாம் அவனிடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கடைக்கு வந்த வாடிக்கைக்காரி மாதிரி வெயிலைப் பற்றியும் மீன் வரத்தைப் பற்றியும் பேசிவிட்டு வரப் பழகிக்கொண்டாள். "அக்கா, நான் செத்தா என் துக்கத்துலேர்ந்து நேரா உன் வீட்டுக்கு நட. நாங்க ரெண்டு பேருமா வந்துடறோம்" என்று பாசிலிசா சொல்வாள். சிந்தா சிரிப்பாள். பாசிலிசா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், தலைவலி என்றுகூடப் படுத்தவள் இல்லை.

காலித் தட்டோடு வீடு திரும்பும்போது செலெரினா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். அந்த மகனாக எவன் நடித்தானோ, அவன் இப்போது மணிலாவில் வேறு எந்த நாடகத்தில் இருக்கிறானோ, அவளுக்குத் தெரியாது. "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று கேட்பாள்.

நான் உன் மகன் இல்லை என்று சொல்வதைச் சிந்தா எப்போதோ விட்டுவிட்டாள். "சாப்பிட்டேம்மா" என்பாள். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளம்பரம் முடிந்து அவள் திரும்பி வரும்வரை காத்திருப்பாள்.